ஏடா லவ்லேஸ்

ஏடா லவ்லேஸ் (டிசம்பர் 10, 1815 – நவம்பர் 27, 1852) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆவார். லவ்லேஸ் சீமாட்டி என்றும் அழைக்கப்படுகிறார். சார்ல்ஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறியைக் குறித்து 1843 ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட குறிப்புகளில், பெர்னூலி எண்களைக் கணிக்கும் வழிமுறை ஒன்று படிப்படியாக அட்டவணை வடிவில் தரப்பட்டுள்ளது. அச்சில் வெளிவந்த முதல் கணினி நிரல் என இது பரவலாகக் கருதப்படுகிறது. இதனால் இவரை உலகின் முதல் நிரலாளர் என்பர்.

இவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவரல்லர். இவர் காலத்து இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக் கொள்ளவில்லை. நூல்களைப் படித்தும், புரியாதவற்றைக் கடிதம் மூலம் கேட்டும், கணக்குகளைத் தாளில் தாமே செய்து பார்த்துமே இவர் கற்றார். இவர் நிரல் எழுதிய பொறியோ அப்போது வரைபடமாக மட்டுமே இருந்தது.

பிறப்பும் குடும்பமும்

ஏடா லண்டனில் பிறந்தார். இவரது இயற்பெயர் அகஸ்டா ஏடா பைரன் என்பதாகும். தந்தை புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. தாயார் அன்னாபெல்லா மில்பாங்க். குழந்தை பிறந்து ஏறத்தாழ ஐந்து வாரங்களில் தாயார் குழந்தையுடன் தம் பெற்றோர் இல்லத்திற்குச் சென்றுவிட்டார். 1816 ஏப்ரலில் பைரன் இங்கிலாந்தை விட்டு வெளியேறினார். பின்னர் நாடு திரும்பவில்லை. 1824 இல் அவர் கிரேக்க நாட்டில் இறந்தபோது ஏடாவுக்கு எட்டு வயது. தந்தையை அறியாமலேயே ஏடா வளர்ந்தார்.

அன்னாபெல்லா கணிதத்தில் ஈடுபாடு உடையவர். கணவரிடம் தாம் கண்ட நிலையற்ற குணம் மகளுக்கும் வந்துவிடக்கூடாது என அஞ்சிய அவர், கணிதமும் தருக்கமும் மகளின் மனதை ஒழுங்குபடுத்தும் என நம்பினார். அதனால் உயர்குடிப் பெண்களுக்கு வழக்கமாகக் கற்பிக்கப்பட்ட இசை, பிரெஞ்சு மொழி ஆகியவற்றோடு கணிதமும் ஏடாவுக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்டது.

இளமைக் கல்வி

1828 இல், பன்னிரண்டு வயதில், ஏடாவுக்குப் பறக்கும் ஆசை ஏற்பட்டது. பறவைகளின் உடலமைப்பை ஆராய்ந்து, உடலுக்கும் இறகுக்கும் இருக்க வேண்டிய அளவு விகிதத்தைக் கணிக்க முயன்றார். இறகு செய்வதற்கு ஏற்ற பொருட்கள் எவை என்றும் ஆய்ந்து, இவற்றையெல்லாம் ஒரு நூலாக எழுதவும் திட்டமிட்டார். ஒரு பொருளின் இயக்கத்தை அறிய அதன் பகுதிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் பழக்கம் இவரிடம் அப்போதே இருந்தது.

1829 இல் தட்டம்மை நோய்க்குப் பின் கால்கள் செயலிழந்தன. நெடுங்காலம் படுக்கையில் இருந்த இவர், 1831 அளவில் ஊன்றுகோல்களின் உதவியுடன் நடக்கத் தொடங்கினார். நோயின்போதும் இவரது கல்வி நிற்கவில்லை.

இவருக்குக் கற்பித்தவர்களுள் வில்லியம் ஃபிரெண்ட் என்பவர் இவரது தாயாருக்கும் ஆசிரியராக இருந்தவர். ஃபிரெண்ட் எதிர்ம எண்களையே ஏற்றுக்கொள்ள மறுத்த பழமைவாதி. 1834 இல் வில்லியம் கிங் என்னும் மருத்துவரிடம் ஏடா யூக்ளிடின் வடிவியலைப் படித்தார். மாணவியின் வேகத்துக்கு அந்த ஆசிரியரால் ஈடுகொடுக்க இயலவில்லை. லப்லாசின் வானியலை ஆங்கிலத்தில் விளக்கி எழுதிய மேரி சோமர்வில் என்னும் பெண் அறிவியலாளர், ஏடாவுக்கு நூல்களைக் கொடுத்தும் ஐயங்களைத் தீர்த்தும் வழிகாட்டினார். சோமர்விலும் பெரும்பாலும் தாமாகவே கணிதம் கற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பாபேஜுடன் அறிமுகம்

1833 சூன் மாதம், தமது 17 ஆவது வயதில், ஏடா சார்ல்ஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் அப்போது வித்தியாசப் பொறி என்னும் கணக்கிடும் இயந்திரத்தை உருவாக்கிக் கொண்டிருந்தார். அதன் ஒரு பகுதி 1832 இல் முடிக்கப்பட்டு அவரது இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தது. விருந்தினர் பலரும் அதை ஒரு வேடிக்கைப் பொருளாகப் பார்த்துச் சென்றனர். ஏடாவோ அது இயங்கும் முறையை அறிய விரும்பினார். அதன் வரைபடங்களைப் பெற்றுப் படித்தார்; அப்பொறியைப் பற்றி டயோனிசியஸ் லார்ட்னர் ஆற்றிய சொற்பொழிவுகளையும் கேட்டார். 1834 இல் தாயாருடன் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார்.

மணவாழ்க்கையும் மீண்டும் கல்வியும்

1835 சூலை 8 அன்று ஏடா, வில்லியம் கிங் பிரபுவை மணந்தார். இவர் மேலே கூறப்பட்ட மருத்துவர் அல்லர். 1838 இல் கணவர் லவ்லேஸ் கோமகன் ஆனதால் ஏடா லவ்லேஸ் சீமாட்டி ஆனார். இவர்களுக்கு 1836, 1837, 1839 ஆகிய ஆண்டுகளில் மூன்று குழந்தைகள் பிறந்தனர்.

மூன்றாவது குழந்தை பிறந்த அதே ஆண்டில், தமக்கு ஒரு கணித ஆசிரியரைத் தேடித்தருமாறு ஏடா பாபேஜுக்குக் கடிதம் எழுதினார். 1840 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியரான அகஸ்டஸ் டி மோர்கனிடம் கடிதவழிக் கல்வியைத் தொடங்கினார். தருக்கத்தில் டி மோர்கன் விதிகள் என இன்றும் நிரலாளர்கள் பயன்படுத்தும் விதிகள் இவர் பெயரால் அமைந்தவை. டி மோர்கன் 1806 ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர்.

இக்கல்வியில் வகுப்பறை இல்லை. டி மோர்கனின் நுண்கணித நூலை ஏடா தம் வீட்டில் படிப்பார். புரியாத இடத்தில் நின்று, அதுவரை தாம் செய்த கணக்கையும் தடைப்பட்ட வரியையும் எழுதி அனுப்புவார். டி மோர்கன் விளக்கம் எழுதுவார். சார்புச் சமன்பாடுகளில் ஒரு கோவைக்குப் பதிலாக மற்றொன்றை இடும் முறை ஏடாவுக்குப் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. அதைக் கடிதங்களில் ஒளிவுமறைவின்றித் தெரிவித்தார். நூலில் ஓரிடத்தில் கூறப்பட்ட முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்பது விளங்காத வரை அடுத்த பக்கத்திற்குச் செல்ல இவர் மனம் ஒப்பவில்லை. நூலின் வாதம் போதுமானதா என்றும் சில இடங்களில் கேள்வி எழுப்பினார்.

டி மோர்கன் 1844 இல் ஏடாவின் தாயாருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தாம் கண்ட இளம் மாணவர் எவரையும்விட, ஆணாயினும் பெண்ணாயினும், ஏடாவின் சிந்தனைத் திறன் மிக உயர்ந்தது எனக் குறிப்பிட்டார். ஆயினும் இத்தகைய கடும் உழைப்பு பெண்ணின் உடல் வலிமைக்கு மீறியது என்ற அக்காலக் கருத்தையும் அதே கடிதத்தில் தெரிவித்தார். ஏடாவிடம் இப்பாராட்டை நேரடியாகச் சொல்ல அவர் தயங்கினார்.

பகுப்பாய்வுப் பொறி

1834 முதல் பாபேஜ் பகுப்பாய்வுப் பொறி என்னும் புதிய இயந்திரத்தைத் திட்டமிட்டு வந்தார். வித்தியாசப் பொறி ஒரே வகையான கணக்கை, அதாவது தொடர்ச்சியான கூட்டலை மட்டுமே செய்ய வல்லது. புதிய பொறியோ கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் நாம் விரும்பும் வரிசையில் செய்யக்கூடியதாகத் திட்டமிடப்பட்டது. எண்களை வைத்திருக்கும் பகுதிக்குக் கிடங்கு என்றும், கணக்குச் செய்யும் பகுதிக்கு ஆலை என்றும் பாபேஜ் பெயரிட்டார். இவை இன்றைய கணினியின் நினைவகம், செயலகம் ஆகியவற்றை ஒத்தவை.

செய்யவேண்டிய செயல்களைத் துளையிட்ட அட்டைகள் மூலம் பொறிக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டுத் துணியில் சித்திர வேலைப்பாடு நெய்யும் ஜக்கார்ட் தறியில் இவ்வகை அட்டைகள் ஏற்கனவே வழக்கில் இருந்தன. எந்தச் செயல் என்பதைச் சொல்ல ஒருவகை அட்டையும், எந்த எண்களின் மேல் என்பதைச் சொல்ல வேறுவகை அட்டையும் வகுக்கப்பட்டன.

இப்பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. வித்தியாசப் பொறிக்கு ஏறத்தாழ 17,000 பவுண்டுகள் செலவிட்ட பிரித்தானிய அரசு, 1842 இல் அதற்கான உதவியை முற்றிலும் நிறுத்திவிட்டது. புதிய பொறிக்கும் பணம் கிடைக்கவில்லை.

மொழிபெயர்ப்பும் குறிப்புகளும்

1840 இல் இத்தாலியின் டூரின் நகரில் பாபேஜ் தமது பொறியைப் பற்றி விளக்கினார். அதைக் கேட்ட லூயிஜி மெனபிரியா என்னும் இளம் பொறியாளர் (இவர் 1867 முதல் 1869 வரை இத்தாலியின் பிரதமராக இருந்தார்) 1842 அக்டோபரில் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சார்ல்ஸ் வீட்ஸ்டோனின் ஆலோசனைப்படி ஏடா அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

மொழிபெயர்ப்பைக் கண்ட பாபேஜ், இவ்வளவு நன்றாக அறிந்த பொருளைப் பற்றித் தாமே ஒரு கட்டுரை எழுதாதது ஏன் எனக் கேட்டார். அது தமக்குத் தோன்றவே இல்லை என்றார் ஏடா. பாபேஜின் தூண்டுதலால் மொழிபெயர்ப்புடன் தம் சொந்தக் குறிப்புகளைச் சேர்க்க முன்வந்தார். ஏழு குறிப்புகள் உருவாயின. அவை மூலக் கட்டுரையைவிட இருமடங்குக்கும் மேல் நீண்டன. 1843 இல் டெய்லரின் அறிவியல் இதழில் இவை வெளிவந்தன. ஆசிரியர் பெயர் முழுமையாகத் தரப்படவில்லை. பெயரின் முதலெழுத்துக்கள் மூன்று மட்டுமே இடப்பட்டன.

குறிப்புகளில் கூறப்பட்டவற்றுள் முக்கியமானவை:

1. பொறி எண்களை மட்டுமன்றி, விதிகளால் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தக்கூடிய எப்பொருளையும் கையாள முடியும். சுரங்களுக்கு இடையிலான உறவுகளை இவ்வாறு குறிக்க முடிந்தால் பொறியால் இசையும் அமைக்க முடியும்.
2. ஒரே செயல்களின் தொகுதியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பின் அதே அட்டைகளை மீண்டும் பயன்படுத்தலாம். சுற்றுக்குள் சுற்றும் அமையலாம். இன்றைய நிரல் மொழிகளில் மடக்கு எனப்படுவது இதுவே.
3. பொறி தானாக எதையும் தோற்றுவிப்பதில்லை. நாம் கட்டளையிட அறிந்ததை மட்டுமே அது செய்யும். ஆலன் டூரிங் 1950 இல் எழுதிய கட்டுரையில் இக்கருத்தை லவ்லேஸ் சீமாட்டியின் ஆட்சேபணை எனப் பெயரிட்டு விவாதித்தார்.

ஏடாவின் நிரல்

கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்களைக் கணிக்கும் அட்டவணை இடம்பெற்றுள்ளது. இதில் 25 செயல்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு செயலுக்கும் அது என்ன செயல், எந்த மாறிகளின் மேல் நடைபெறுகிறது, விடை எந்த மாறியில் சேர்கிறது, அதனால் எந்த மாறியின் மதிப்பு மாறுகிறது என்பவை தனித்தனி நிரல்களில் காட்டப்பட்டுள்ளன. 13 முதல் 23 வரையிலான செயல்கள் மீண்டும் செய்யப்பட வேண்டும் என்ற குறிப்பும் உண்டு.

புதிதாக நிரலாக்கம் கற்போர் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கணிதத்தில் ஒரு மாறி தன்னைவிட ஒன்று கூடுதலான எண்ணுக்குச் சமமாக இருக்க இயலாது. நிரலிலோ அவ்வாறு எழுதுவது அன்றாட வழக்கம். பழைய மதிப்புடன் ஒன்றைக் கூட்டி அதே இடத்தில் வை என்பதே அதன் பொருள். ஏடாவின் அட்டவணை இக்குழப்பத்திற்கு இடம் தரவில்லை. ஒவ்வொரு மாறியின் இடப்புற மேல்பகுதியிலும் ஒரு சிறிய எண் இடப்பட்டு, அம்மாறியின் மதிப்பு எத்தனையாவது முறையாக மாறியுள்ளது என்பது காட்டப்பட்டது.

அட்டவணை எடுத்துக்காட்டாகக் கணிப்பது நான்காவது எண்ணை ஆகும். முதல் மூன்று எண்கள் 1/6, –1/30, 1/42 என ஏற்கனவே கிடைத்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. தொடக்க எண் 4. அதன் இருமடங்கு 8. அதிலிருந்து 1 ஐக் கழித்தால் 7. 1 ஐக் கூட்டினால் 9. முன்னதைப் பின்னதால் வகுத்து, பாதியாக்கி, குறியை மாற்றினால் –7/18. இதனுடன் முந்தைய மூன்று எண்களிலிருந்து பெறப்படும் 2/3, –7/15, 2/9 ஆகியவற்றைக் கூட்டினால் 1/30 வரும். அதன் குறியை மாற்றினால் கிடைக்கும் –1/30 என்பதே நான்காவது எண்.

அச்சிடப்பட்ட அட்டவணையின் நான்காவது செயலில் ஒரு பிழை உள்ளது. 7 ஐ 9 ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 9 ஐ 7 ஆல் வகுக்குமாறு மாறிகள் இடம் மாறி அச்சாகியுள்ளன. அதன்படியே கணக்கிட்டால் விடை 139/630 எனத் தவறாக வரும். அச்சில் வந்த முதல் நிரலிலேயே அச்சில் வந்த முதல் வழுவும் இடம்பெற்றது எனலாம். இயக்கிப் பார்க்கப் பொறி இல்லாத நிலையில், நிரலைச் சோதிக்க ஒவ்வொரு வரியையும் கையால் செய்து பார்ப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை.

கற்ற முறை

ஏடா பகுப்பாய்வுப் பொறிக்கு நிரல் எழுதக் கற்ற விதத்தை அவரது கடிதங்களிலிருந்தும் வெளியான குறிப்புகளிலிருந்தும் அறியலாம்.

முதலாவதாக, பிறர் எழுதியதை வரிவரியாகப் படித்தார். மெனபிரியாவின் கட்டுரையில் இரண்டு மாறிகள் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் எடுத்துக்காட்டு இருந்தது. அதற்கு 6 பெருக்கல், 3 கழித்தல், 2 வகுத்தல் என 11 செயல்கள் தேவை. மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லையும் தாண்டிச் செல்ல இயலாது என்பதால் இச்சிறிய நிரலை ஏடா முழுமையாக ஆராய நேர்ந்தது.

இரண்டாவதாக, அறிந்த எடுத்துக்காட்டை விரிவாக்கினார். தமது குறிப்பு ஒன்றில் அதே சமன்பாடுகளை மீண்டும் எடுத்துக்கொண்டு, மாறிகளின் மாற்றங்களைக் காட்டும் விரிவான அட்டவணையாக எழுதினார். அதன் பிறகே கடினமான பெர்னூலி எண்களுக்குச் சென்றார்.

மூன்றாவதாக, விடை முன்பே தெரிந்த கணக்கைத் தேர்ந்தார். பெர்னூலி எண்கள் அக்காலக் கணிதவியலாளர்கள் நன்கு அறிந்தவை. எனவே நிரல் சரியா என்பதை விடையைக் கொண்டே சரிபார்க்க முடியும். இதை ஏடா குறிப்பிலேயே தெளிவுபடுத்தியுள்ளார். பொறியின் ஆற்றலைக் காட்டுவதே நோக்கம், எளிய வழியைக் காட்டுவது அன்று.

நான்காவதாக, கேட்டார். 1843 கோடையில் ஏடாவுக்கும் பாபேஜுக்கும் இடையே கடிதங்கள் இடைவிடாது சென்றுவந்தன. பெர்னூலி கணக்கின் இயற்கணிதப் பகுதியைப் பாபேஜ் செய்து கொடுத்தார். அதில் அவர் செய்த பெரும் பிழை ஒன்றைக் கண்டறிந்து ஏடா திருப்பி அனுப்பினார். இதனைப் பாபேஜ் 1864 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தாமே பதிவு செய்துள்ளார். ஏடா பென்சிலால் எழுதிய பெரிய அட்டவணையின் மேல் அவரது கணவர் மையிட்டு எழுதிக் கொடுத்தார்.

பாபேஜுடன் கருத்து வேறுபாடு

குறிப்புகள் அச்சாகும் தறுவாயில், அரசு தம்மை நடத்திய விதத்தைக் கண்டித்து ஒரு முன்னுரையைப் பெயரின்றிச் சேர்க்கப் பாபேஜ் விரும்பினார். ஏடா இதை ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பையே திரும்பப் பெறுமாறு பாபேஜ் கூறியபோதும் உடன்படவில்லை. வெளியீட்டுக்குப் பின், பொறியைக் கட்டுவதற்கான வெளித்தொடர்புகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு ஏடா முன்வைத்த யோசனையைப் பாபேஜ் மறுத்துவிட்டார். ஆயினும் இருவரது நட்பும் ஏடாவின் இறுதிவரை நீடித்தது.

இறுதிக் காலம்

இதன் பிறகு ஏடா வேறு கணித ஆக்கம் எதையும் வெளியிடவில்லை. உடல்நலக் குறைவு தொடர்ந்தது. பின்னாளில் குதிரைப் பந்தயத்தில் பணம் இழந்து கடன்பட்டார். கருப்பைப் புற்றுநோயால் 1852 நவம்பர் 27 அன்று தமது 36 ஆவது வயதில் காலமானார். தந்தை பைரன் இறந்ததும் 36 ஆவது வயதிலேயே. ஏடாவின் விருப்பப்படி, நாட்டிங்காம்சயரில் உள்ள ஹக்னால் தேவாலயத்தில் தந்தையின் அருகே இவர் அடக்கம் செய்யப்பட்டார்.

திறமை பற்றிய ஐயங்கள்

ஏடாவை முதல் நிரலாளர் எனலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாபேஜ் 1836 முதல் 1840 வரையிலான காலத்திலேயே தமது பொறிக்காக இத்தகைய செயல்வரிசைகள் பலவற்றை எழுதி வைத்திருந்தார். அவை அப்போது வெளியிடப்படவில்லை. எனவே முதலில் எழுதியவர் பாபேஜ் என்றும், முழுமையான ஒன்றை விளக்கத்துடன் முதலில் வெளியிட்டவர் ஏடா என்றும் கொள்வது பொருந்தும்.

ஏடாவின் கணித அறிவையே ஐயுற்றவர்களும் உளர். 1985 இல் டோரதி ஸ்டெயின் எழுதிய வாழ்க்கை வரலாறு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. டி மோர்கனுக்கு எழுதிய கடிதங்களில் காணப்படும் தொடக்கநிலை ஐயங்கள் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. மெனபிரியாவின் கட்டுரையில், நேர்வு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லில் ஓர் எழுத்து மாறி, கொசைனைக் குறிக்கும் சுருக்கமாக அச்சாகியிருந்தது. பொருளற்ற அவ்வரியை ஏடா அப்படியே மொழிபெயர்த்ததும் சுட்டிக்காட்டப்பட்டது.

கிறிஸ்டோபர் ஹோலிங்ஸ், உர்சுலா மார்ட்டின், ஏட்ரியன் ரைஸ் ஆகிய கணித வரலாற்றாளர்கள், ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ள கடிதங்களை முழுமையாக ஆராய்ந்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். கடிதங்களை உரிய காலவரிசையில் வைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் தடுமாறிய மாணவி விரைவாக முன்னேறி, பல்கலைக்கழகப் பாடநிலைக் கணிதத்தை எட்டியது தெரிகிறது என்பது அவர்கள் கருத்து. பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் தொடக்கநிலை ஐயங்கள் வகுப்பறையிலேயே மறைந்துவிடும். ஏடாவின் ஐயங்கள் கடிதங்களாக இருந்ததால் நிலைத்துவிட்டன. அவர் கற்றதற்கான சான்றுகளே அவர் அறியாதவர் என்பதற்கான சான்றுகளாகவும் பயன்படுத்தப்பட்டன.

நினைவுகள்

ஏடாவின் குறிப்புகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பெரிதும் கவனிக்கப்படாமல் இருந்தன. 1953 இல் பி. வி. பவுடன் பதிப்பித்த கணினி பற்றிய நூலில் இவை மறுபதிப்புச் செய்யப்பட்ட பின்னர் பரவலாக அறியப்பட்டன.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய நிரலாக்க மொழிக்கு ஏடா எனப் பெயரிடப்பட்டது. அதன் வரையறை ஏடாவின் பிறந்தநாளான டிசம்பர் 10 அன்று 1980 இல் ஏற்கப்பட்டது. அந்தத் தரத்தின் எண்ணாக இவர் பிறந்த ஆண்டான 1815 அளிக்கப்பட்டது. பிரித்தானியக் கணினிக் கழகம் 1998 முதல் லவ்லேஸ் பதக்கம் வழங்கி வருகிறது. 2009 முதல் ஏடா லவ்லேஸ் நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. 2022 இல் என்விடியா நிறுவனம் தனது வரைகலைச் செயலிகளின் கட்டமைப்பு ஒன்றுக்கு இவர் பெயரைச் சூட்டியது.

பாபேஜின் இரண்டாம் வித்தியாசப் பொறியின் கணக்கிடும் பகுதி, அவரது வரைபடங்களின்படி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தால் 1991 இல் கட்டப்பட்டுச் சரியாக இயங்கியது. ஏடா நிரல் எழுதிய பகுப்பாய்வுப் பொறி இன்றளவும் முழுமையாகக் கட்டப்படவில்லை. அவரது அட்டவணை தற்கால நிரல் மொழிகளில் பலரால் எழுதிப் பார்க்கப்பட்டுள்ளது. நான்காவது செயலில் உள்ளதைப் போன்ற அச்சுப் பிழைகளைத் திருத்தினால் அது சரியான விடையைத் தருகிறது.